மூன்றாம் மாத மாத்திரை: தமிழ்நாட்டில் அரசு மனநலச் சேவை இயங்கும் விதம்

ஓர் ஊரின் பெயரே வசைச்சொல்லாகிப்போனது என்றால் அது, சென்னையில் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம்தான். "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்று கேலி பேசுவதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வீட்டில் ஒருவருக்கு உண்மையாகவே மனநோய் வந்துவிட்டால் அதே கேலிதான் குடும்பத்தின் காலைக் கட்டிப்போடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கச்சிக்கு வரன் அமையாது, உள்ளே வைத்துக்கொண்டால் திரும்ப விடமாட்டார்கள் என்று தள்ளிப்போடுகிறார்கள். மந்திரிப்பு, தாயத்து, கோயில், தர்கா என்று சுற்றி முடிப்பதற்குள், முதல் அறிகுறிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே பல ஆண்டுகள் போய்விடுவது உண்டு.

அரசின் மனநலச் சேவையோ கீழ்ப்பாக்கத்து மதிலைத் தாண்டி வந்து வெகுகாலமாகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தாலுகா மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாளில் மனநல மருத்துவர் வருகிறார். மாத்திரைக்குக் காசில்லை. இருந்தும் இந்தச் சேவை பல இடங்களில் அறுந்துபோகிறது. நோயின் கடுமையால் அறுவதைவிட, ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நோயாளி கைமாறும் இடத்தில் அறுவதே அதிகம். எங்கே, எதனால் அறுகிறது என்று புரிந்துகொள்ள, இந்தச் சேவை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னையில் இதன் கதை 1794-இல் தொடங்குகிறது. அறுவை மருத்துவர் வாலன்டைன் கனோலி 16 பேருக்கு இடமுள்ள ஒரு காப்பகத்தை நடத்தினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் இப்போதிருக்கும் தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. 1922-இல் 'அரசு மனநல மருத்துவமனை' என்று பெயர் மாறியது. நோயாளியைச் சமூகத்திடமிருந்து பிரித்து வைப்பதுதான் அந்தக் காலத்துச் சிகிச்சை முறை. படுக்கை எண்ணிக்கை பின்னாளில் 1,800 வரை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் 1961-இல் கண்காணிப்பாளரானார். வெளிநோயாளிப் பிரிவையும் மறுவாழ்வுப் பணியையும் அவர் வளர்த்தெடுத்தார். பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்பது அதன் பிறகுதான் இங்கே நிலைபெற்றது. ஓய்வுக்குப் பின், 1984-இல், இல்லாத குரல்கள் கேட்பது, காரணமற்ற சந்தேகம் என்று வரும் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவரும் அவரே.

யார் பொறுப்பு?

மனநலத் துறை என்று தனியாக ஒரு பெயர்ப் பலகை தமிழ்நாட்டில் கிடையாது. மக்கள் நல்வாழ்வுத் துறைக்குள்ளேயே இந்தப் பணி பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கீழ்ப்பாக்கமும் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. தாலுகா மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் பொது சுகாதாரத் துறையின் ஆட்கள். மாவட்ட மனநலத் திட்டத்துக்குத் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாகப் பணம் வருகிறது. மருந்தை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மனநல இல்லங்களைப் பதிவு செய்து கண்காணிப்பது மாநில மனநல ஆணையம். மாற்றுத்திறனாளி அட்டையும் மறுவாழ்வு இல்லங்களும் வேறொரு துறையில் இருக்கின்றன. தெருவில் திரிபவரை மீட்பதோ காவல் துறையின் கடமை.

இந்தப் பிரிவினை நிர்வாகத்துக்கு வசதியானதாக இருக்கலாம். நோயாளிக்கு ஒரே நோய்தான், ஒரே வாழ்க்கைதான். மருத்துவக் கல்லூரியில் பத்து நாள் உள்நோயாளியாக இருந்து தேறியவர் வீடு திரும்பும்போது ஒரு இயக்ககத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் வருகிறார் என்ற செய்தி ஊர்ப்பக்கத்து மருத்துவமனைக்கும் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை.

மாவட்டக் குழு செய்யும் வேலை

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஊருக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதற்குக் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஒரு முன்மாதிரியை உருவாக்கியது. அதன் அடிப்படையில் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி, பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்கள்.

திட்டத்தின் கணக்குப்படி ஒரு மாவட்டக் குழுவில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர், பதிவேட்டு உதவியாளர் ஆகியோர் இருக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை ஒதுக்க வேண்டும். மருத்துவர் தலைமையிடத்தில் உட்கார்ந்திருப்பதோடு முடிந்துவிடாது. வாரத்தில் சில நாள் தாலுகா மருத்துவமனைகளுக்குச் சுற்றுமுறையில் போக வேண்டும். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பது மாறாமல் இருப்பது மிக முக்கியம். செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு இரண்டு செவ்வாய் வராமல் போனால், மூன்றாவது செவ்வாய்க்கு நோயாளி வரமாட்டார். கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்து ஏமாந்து போனவரை மறுபடி வரவழைப்பது புது நோயாளியைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதும் இந்தக் குழுதான். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு, குடிநோய் போன்றவற்றை அங்கேயே அடையாளம் கண்டு தொடக்கச் சிகிச்சை தரலாம். மனச்சிதைவு, இருமுனை மனநோய் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) என்று தெரிந்தால் மேலே அனுப்ப வேண்டும்; நிலைமை சீரானதும் மாத்திரையைக் கீழேயே தொடர வேண்டும். இந்தத் திருப்பியனுப்பும் பாதையில்தான் புல் முளைத்துக் கிடக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் மாறுதலாகிப் போகிறார். புதிதாக வந்தவர் மனநல மாத்திரையை எழுதத் தயங்கி, "பெரியாஸ்பத்திரிக்கே போங்க" என்கிறார். நோயாளி மீண்டும் எண்பது கிலோமீட்டர் பயணத்துக்குத் தள்ளப்படுகிறார்.

கிராம சுகாதார செவிலியரின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் வீடும் தெரிந்தவர் அவர். பிரசவமான முதல் சில வாரங்களில் தாய்க்குத் தூக்கமே வராமல் போவது, குழந்தையைத் தொட அஞ்சுவது, காரணமில்லாமல் அழுவது, யாரோ குழந்தைக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படுவது ஆகியவற்றை முதலில் பார்க்கக் கூடியவரும் அவரே. கடைசி அறிகுறி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். "பிள்ளை பெத்த ஜன்னி" என்று வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமல்ல.

மாத்திரை எங்கே நிற்கிறது

மனச்சிதைவு நோயில் மருந்தை நிறுத்தினால் நோய் மறுநாளே திரும்புவதில்லை. பலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம் கழித்துத்தான் திரும்புகிறது. இந்த இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். முதல் மாதம் மருந்து சாப்பிட்டதும் குரல்கள் கேட்பது அடங்குகிறது, தூக்கம் வருகிறது. இரண்டாம் மாதம் வேலைக்குக்கூடப் போகிறார். மூன்றாம் மாதம், "குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு?" என்று நிறுத்துகிறார்கள். நிறுத்திய பின்னும் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் மருந்தால் வந்த சோர்வும் கைநடுக்கமும் போய், முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறார். நிறுத்தியது சரிதான் என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து நோய் திரும்பும்போது அதற்கும் நிறுத்திய மாத்திரைக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மருந்து பலிக்கவில்லை என்றோ, செய்வினை மறுபடி வந்துவிட்டது என்றோதான் புரிந்துகொள்கிறார்கள். முதல் முறை நோய் வந்தவருக்கும் தேறிய பிறகு ஓரிரு ஆண்டாவது மருந்து தொடர வேண்டும் என்பதை முதல் நாளே, குடும்பத்துக்கும் சேர்த்து, அழுத்திச் சொல்லியாக வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஐந்து நிமிடம் கிடைக்கும் நோயாளிக்கு இதை யார் சொல்வது என்பது நியாயமான கேள்வி. சமூகப் பணியாளரும் செவிலியரும் குழுவில் இருப்பது இதற்காகத்தான். அந்தப் பணியிடம் காலியாக இருந்தால் முதலில் காணாமல் போவது இந்த அறிவுரைதான்.

மனச்சோர்வில் கதை தலைகீழ். புளுவாக்ஸெடின் போன்ற மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதன் தொல்லைகளான குமட்டல், படபடப்பு, தூக்கக் குறைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். நன்மை தெரியும் முன்பே தொல்லை தெரிவதால் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

இலவச மாத்திரை வந்துசேரும் வழியையும் சொல்ல வேண்டும். மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரி, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. மருத்துவமனைகள் தங்கள் பாஸ்புக்கில் ஒதுக்கிய தொகைக்குள் அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. 1990-களின் நடுவில் தொடங்கிய இந்த முறையைப் பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. மனநல மருந்தில் மட்டும் இதற்கு இரண்டு தனிச் சிக்கல். தேவையைக் கடந்த ஆண்டுச் செலவை வைத்துக் கணக்கிட்டால், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மருந்து போதாமல் போகும். ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒரு வாரம் இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொள்வார்கள். மனநோய் மாத்திரையை வாங்க, மருந்தே வேண்டாம் என்பவரை வைத்துக்கொண்டு யார் கடைக்கு ஓடுவார்கள்? இன்னொன்று நிறம். வழங்கும் கம்பெனி மாறும்போது மனச்சிதைவுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறக்கூடும். தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகமே நோயின் அறிகுறியாக உள்ளவரிடம் நேற்று வெள்ளையாக இருந்த மாத்திரையை இன்று மஞ்சளாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்தாளுநர் கொடுக்கும்போதே, "மருந்து அதேதான், கம்பெனிதான் வேற" என்று நோயாளியிடமே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பக்கவிளைவுகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் சாப்பிடுவோருக்குக் கைநடுக்கம், உடல் விறைப்பு, எச்சில் வடிதல் வரலாம். டிரைஹெக்ஸிபெனிடில் அதற்காகத்தான் சேர்த்துத் தரப்படுகிறது. அதே நோய்க்கான ஓலான்ஸபைன் எடை கூட்டும், சர்க்கரையை ஏற்றும். ஆகவே எடையையும் ரத்தச் சர்க்கரையையும் தவறாமல் பார்க்க வேண்டும். இருமுனை மனநோய்க்கு லித்தியம் நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் உழைத்து நீர் வற்றினால் அளவு ஏறி நஞ்சாகிவிடும். அந்தச் சோதனை தாலுகா அளவில் கிடைப்பது அரிது என்பதால் சோடியம் வால்ப்ரோயேட் பக்கம் மருத்துவர்கள் சாய்கிறார்கள். அதுவோ கருவில் உள்ள குழந்தைக்கு ஊனத்தை உண்டாக்கக் கூடிய மருந்து. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்ப்பதே முறை. ஒரு ரத்தச் சோதனை வசதி இல்லாமை எப்படி ஒரு தலைமுறை தாண்டிப் பாதிக்கக் கூடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். மற்ற மருந்துகள் பலிக்காத மனச்சிதைவுக்குத் தரும் க்ளோஸபைனுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்பதால், அது மருத்துவக் கல்லூரிகளை விட்டு வெளியே வருவதே அபூர்வம். மாத்திரையை மறுப்போருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் புளுஃபினாசின் ஊசி உண்டு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட முடிந்தால் எத்தனையோ குடும்பங்கள் மூச்சு விடும்.

சேர்ப்பதற்கும் விடுவிப்பதற்கும் சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பத்தினர் பலருக்கு இன்னும் பழைய எண்ணம்தான்: கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று. இப்போது அது முடியாது.

தானாக முன்வந்து சேர்பவர், விடுவிக்கச் சொன்னால் விடுவித்தாக வேண்டும். ஆபத்து இருப்பதாக மருத்துவர் கருதினால் மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். நோயாளி மறுக்கும் நிலையில், அவருடைய நியமனப் பிரதிநிதி (அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பித்தால் 89-ஆம் பிரிவின்படி சேர்க்கலாம். அதற்கு இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ அந்தப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக் கூடிய நிலை, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று இருவரும் காண வேண்டும். எல்லை 30 நாள். பெண், சிறார் என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்க்கு 7 நாளுக்குள்ளும் மனநல சீராய்வு மன்றத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளுக்கு மேல் வைக்க வேண்டுமானால் மன்றத்தின் ஒப்புதல் தேவை: முதலில் 90 நாள் வரை, அடுத்து 120, அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை.

இந்த மன்றத்தின் தலைவர் மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர். ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோரோடு, மனநோய் உள்ளவர் அல்லது அவர்களைப் பராமரிப்பவர் தரப்பிலிருந்து இருவர் உறுப்பினர். கடைசியாகச் சொன்ன இருவர்தான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்பது எங்கள் கருத்து. மன்றம் கூடாத மாவட்டத்தில் 30 நாள் என்ற எல்லை காகிதத்தில்தான் இருக்கும்.

நியமனப் பிரதிநிதியை நலமாக இருக்கும்போதே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வயதுவந்த யார் வேண்டுமானாலும் நியமித்துக்கொள்ளலாம். நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் உரிமை உண்டு. ஒருமுறை நோயில் விழுந்து எழுந்தவருக்கு இது பெரிய பிடிமானம். எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, சேர்த்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவரே சொல்லி வைக்கிறார்.

சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வுச் சிகிச்சை (மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்துவது) தருவதும் தடை. அவசரச் சிகிச்சை என்று எந்த மருத்துவரும் தரக்கூடியது 72 மணி நேரம் வரை மட்டும். அதற்குள் மின்னதிர்வு கூடாது.

ஏர்வாடியும் அதன் பிறகும்

இந்தத் தடைகளுக்குப் பின்னால் தமிழ்நாட்டின் ஒரு விடியற்காலை இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநல இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மாநிலங்களுக்கெல்லாம் ஆணையிட்டது.

அந்த இல்லங்கள் ஏன் முளைத்தன என்பதை மறந்துவிடக் கூடாது. ராமநாதபுரத்தில் அப்போது ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கைக்கெட்டிய மனநல மருத்துவர் யார்? தர்காவில் தங்கினால் கனவில் உத்தரவு வரும் என்று நம்பி வந்தவர்கள், மாதக்கணக்கில் தங்க முடியாமல் பணம் கொடுத்து அங்கே விட்டுப் போனார்கள். நம்பிக்கையை மட்டும் குற்றவாளியாக்குவது சரியல்ல. பிறகு அரசு எடுத்த நல்ல முடிவு, மருந்தைத் தர்காவின் வாசலுக்கே கொண்டுபோனது. 'தவா–துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற இந்த முறை குஜராத்தில் மீரா தாதர் தர்காவில் தொடங்கி ஏர்வாடிக்கும் வந்தது. ஓதுபவர், "மருத்துவரையும் பாருங்கள்" என்று சொல்லும் ஒரு சொல்லுக்கு, நாம் அடிக்கும் ஆயிரம் சுவரொட்டிக்கு இல்லாத வலு உண்டு.

இல்லம் நடத்துபவர்கள் இன்று மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தற்காலிகப் பதிவு 12 மாதம் செல்லும். நிரந்தரப் பதிவுக்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை. குடிபோதை மறுவாழ்வு மையங்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளும் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. பலர் இதை அறியாமல், எந்தப் பதிவும் இல்லாத மையத்துக்குப் பல ஆயிரம் கட்டுகிறார்கள். சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்ல வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரை. மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை. பெரிய இல்லத்துக்கு முதல் அபராதம் ஒரு மாத வசூலில் சிறு பங்குகூட இல்லை என்பதால் இது போதாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த ஓர் இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டது, ஏர்வாடிக்கு இருபது ஆண்டு கழித்தும் ஓட்டை அடைபடவில்லை என்று காட்டியது.

தெருவில் திரிபவர்

மனநோயோடு தெருவில் திரிபவரைக் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். சட்டத்தின் 100-ஆம் பிரிவு காவல் அதிகாரிக்கு அவரைப் பாதுகாக்கும் கடமையைத் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் பொறுப்பு. நடைமுறையில் முட்டும் இடம், மருத்துவமனையில் "துணைக்கு ஆள் யார்?" என்ற கேள்வி. துணையில்லாதவரைச் சேர்க்க மறுத்தால், கொண்டுவந்த காவலர் அடுத்த முறை யாரையும் கொண்டுவர மாட்டார்.

இதற்குத்தான் 2018 முதல் அவசரகாலப் பராமரிப்பு மற்றும் மீட்பு மையங்கள் மாவட்ட அளவில் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 50 படுக்கை. பராமரிப்பைத் தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, உடல்நோயைக் கவனித்து, பிறகு மனநல மருந்து. சில வாரத்தில் பலருக்கு ஊர்ப்பெயர் நினைவுக்கு வந்துவிடுகிறது. ரயிலேறி வந்த வடமாநிலத்தவராக இருந்தால் அவர் மொழி பேசும் ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் அங்கே பெரிய சிகிச்சை. வீட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டபின் அந்த ஊரில் மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைக்காவிட்டால், ஓராண்டுக்குள் அவர் மறுபடி ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் இருப்பார்.

வீடே கிடைக்காதவர்களும் உண்டு. குடும்பம் இல்லை, இடமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் அரசு இடைநிலை இல்லங்களையும் குழு வீடுகளையும் கட்டித் தர வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் கீழ்ப்பாக்கத்தின் நீண்டகால உள்நோயாளிகள் அந்த வளாகத்திலேயே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்களுக்கு வாழ இடமில்லை என்பதே அவர்கள் அங்கிருக்கக் காரணம்.

சான்றிதழும் தொலைபேசியும்

மனநோயால் வரும் இயலாமைக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறார்கள். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு இன்னும் 4 வரை. மொத்தம் 20-இல் 7 வந்தால் 40 விழுக்காடு இயலாமை; சலுகைகளுக்கான வாசல் அதுதான். சான்றிதழ் முகாம் நாளில் நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டு, தலை சீவி, "டாக்டர் கேட்டா நல்லா பதில் சொல்லு" என்று பழக்கி அழைத்து வருகிறார்கள்; மதிப்பெண் குறைந்துவிடுகிறது. தினசரி வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பராமரிப்பவரே உள்ளபடி சொல்ல வேண்டும். பழைய ஓ.பி. சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தால் நோயின் காலத்துக்கு அவையே சாட்சி.

மனநல உதவிக்கான 14416 என்ற தொலைபேசி எண் 2022 அக்டோபரில் வந்தது. நாடு முழுவதும் அதன் பெயர் டெலி மானஸ், இங்கே 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையானால் மனநல மருத்துவருக்கோ மாவட்டக் குழுவுக்கோ இணைப்பார். அதற்கு முந்தைய ஆண்டே, நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 என்ற மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவை வழியாக அரசே அழைத்துப் பேசியது. துயரத்தில் இருப்பவர் அழைக்கட்டும் என்று காத்திராமல் நாமே அழைப்பது எத்தனையோ மேல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தே இலங்கை தன் தற்கொலை விகிதத்தைப் பெருமளவு குறைத்தது. தமிழ்நாடும் சில பூச்சிமருந்துகளுக்குத் தற்காலிகத் தடையும், மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்துக்குத் தடையும் கொண்டுவந்தது. மனநலப் பணியில் வேளாண் துறைக்கும் இடமுண்டு என்பதை இனியாவது அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பதிவேடு

உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்குப்படி மனநலப் பணியாளர்களை நிரப்ப, சட்டம் அரசுகளுக்குப் பத்து ஆண்டு கொடுத்தது. 2028-இல் அது முடிகிறது. அதுவரை கையிலிருக்கும் ஆட்களை வைத்துச் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு மனநல ஓ.பி.யிலும் முப்பது நாள் மாத்திரை வாங்கிப்போனவர்களின் பட்டியல் பதிவேட்டில் இருக்கிறது. முப்பத்தைந்தாம் நாள் வரை வராதவர் பெயரைத் தனியே எழுதி எடுப்பதற்கு அரை மணி நேரம் போதும். முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் வாசலில் நின்று, "ஏன் வரலை?" என்று அதட்டுவதில் பயனில்லை. கேட்க வேண்டியவை மூன்றுதான்: மாத்திரை இன்னும் எத்தனை மீதியிருக்கிறது, சாப்பிட்டால் என்ன தொந்தரவு செய்கிறது, ராத்திரி தூக்கம் எப்படி. பஸ் காசு இல்லை என்பது பதிலாக வந்தால் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தர மருத்துவரிடம் கேட்கலாம். கை நடுங்குகிறது என்றால் அளவைக் குறைக்கலாம், இல்லை மருந்தை மாற்றலாம். தூக்கம் போய் மூன்று நாளாகிறது என்றால் அடுத்த செவ்வாய் வரை பொறுக்கக் கூடாது. அன்றைக்கே வண்டி வைத்துக் கூட்டி வர வேண்டும்.